எந்த வழியில் சொந்தம்

விவாகரத்தின்போது பீரோவை நான் எடுத்துக்கொண்டேன், கட்டிலை அவன் எடுத்துக்கொண்டான். குக்கர் எனக்கு, மிக்ஸி அவனுக்கு. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த சுவர்க்கடிகாரம் இரண்டு பேருக்குமே வேண்டாமென்று வீட்டுச் சொந்தக்காரரிடம் விட்டுவிட்டு வந்தோம். இப்படி ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசிப் பிரித்தோம். மாமனாரைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அவர் பெற்ற பிள்ளையோடு போய்விட்டார். அது நியாயம்தான். ஆனால் அந்த வீட்டில் விட்டுவிட்டு வர எனக்கு மனசு வராதது அவரை மட்டும்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து புருஷனை 'அவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தீர்ப்பு வந்த அன்று கோர்ட் படியில் இறங்கும்போதே 'அவன்' ஆக்கிவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வாயும் நீளம். இதை நானே ஒப்புக்கொள்கிறேன், வேறு யாரும் மெனக்கெட்டுச் சொல்ல வேண்டாம். அவன் கெட்டவன் இல்லை. பேசவேண்டிய இடத்தில் பேசமாட்டான், நான் பேசவேண்டாத இடத்திலும் பேசுவேன். இந்தப் பொருத்தத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டமுடியுமோ அத்தனை நாள் ஓட்டினோம்.

மாமா வேறு ரகம். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களுக்கெல்லாம் அவர் வைத்தியர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய் தேயென்று கையைத் தேய்ப்பார், அப்படியும் கிரீஸ் வாசனை போகாது. பொய் என்பது அவர் வாயில் வரவே வராது. "ஓடாத லிஃப்ட ஓடும்னு சொன்னா ஆள் போயிடும்மா" என்பார். அந்தப் பழக்கம் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்துவிட்டது. குழம்பு சரியில்லையென்றால் "நல்லாயில்ல மருமகளே" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார். புகழவும் மாட்டார், மிச்சம் வைக்கவும் மாட்டார்.

அந்த 'மருமகளே' தான். மற்றவர்கள் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அல்லது 'ஏம்மா' என்பார்கள். மாமா அதை ஒரு பதவி மாதிரிச் சொல்வார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே நாங்கள் கத்திக்கொண்டிருப்பது காதில் விழுந்தால், "மருமகளே, சண்டை முடிஞ்சுதா, இல்ல நான் ஒரு டீ குடிச்சிட்டு வரட்டுமா?" என்று குரல் வரும். எனக்குச் சிரிப்பு வந்துவிடும், சண்டை அதோடு அறுந்துபோகும். அத்தை நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமாவின் கூடப் பிறந்தவர்களும் ஆண்களே. "எங்க வீட்டுல அஞ்சும் தடிப்பசங்க. ஒரு தங்கச்சி பொறந்திருந்தா எங்கம்மா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பா" என்று அடிக்கடி சொல்வார். அந்த வீட்டில் வெகுகாலம் கழித்து நடமாடிய ஒரே பெண் நான்தான்.

பிரிந்த பிறகு அவருக்குப் போன் செய்யப் பலமுறை கை போயிருக்கிறது. எந்த முறையில் செய்வது? எடுத்ததும் என்னவென்று சொல்லிக்கொள்வது? வைத்துவிடுவேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு கேட் திறக்கும் சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்பும். பிறகு என்னை நானே திட்டிக்கொண்டு டிவியைச் சத்தமாக வைப்பேன். இப்படியே மூன்று வருஷம் போயிற்று. அவன் மறுகல்யாணம் செய்துகொண்டான் என்று காதில் விழுந்தது. எனக்கு வயிற்றெரிச்சல் அவன்மேல் இல்லை. மாமாவுக்கு இனிமேல் யார் குழம்பு ஊற்றுவார்கள் என்பதில்தான் இருந்தது.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. ஊர் ஓரத்தில் இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து அவ்வப்போது உடைந்த கண்ணாடிகளை ஒரு பையில் போட்டு அனுப்புவார்கள். ஒருநாள் அந்தப் பையில் ஒரு கண்ணாடி வந்தது. காதில் மாட்டும் கம்பி ஒடிந்து, அந்த இடத்தில் மெல்லிய செம்புக்கம்பியை நெருக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே மடக்கி விட்டிருந்தது. தோலில் குத்தாமல் நுனியை மடக்குகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் உண்டு. லென்ஸைத் திருப்பிப் பார்த்தேன். அந்த வீட்டில் இருந்தபோது நானே தேய்த்துப் போட்ட லென்ஸ். சரிசெய்து, நானே கொண்டுபோனேன்.

இல்லத்தின் மேனேஜரம்மா நல்ல மனுஷி. ஆனால் யாரைப் பார்த்தாலும் சொந்தம் விசாரிக்காமல் விடமாட்டாள்.

"யாரைப் பாக்கணும்?"

"லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தாரே, அவர."

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"மாமா" என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"எந்த வழியில? அம்மாவோட அண்ணனா? அதானே பாத்தேன், முகஜாடை அப்படியே இருக்கு."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முகஜாடை இருக்கிறது என்று ஒருத்தி சொன்ன பிறகு எப்படி இல்லை என்பது? எனக்கு அது பிடித்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுசில் அது தானாக மூடிக்கொண்டது அபூர்வம்.

மாமா ஜன்னல் பக்கத்து நாற்காலியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். நான் குனிந்து கண்ணாடியை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"நீயா?"

"நான்தான் மாமா."

"வாம்மா, உக்காரு" என்றார். அவ்வளவுதான். மருமகளே வரவில்லை.

அவரை யாரும் கொண்டுவந்து தள்ளிவிடவில்லை. மகன் புதிதாகக் குடிபோன வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் போன பிறகு அவரால் ஏறி இறங்க முடியவில்லை. "லிஃப்டுக்குன்னே பொழைச்சவனுக்கு லிஃப்ட் இல்லாத வீடு. நானேதான் இங்க வரேன்னு சொன்னேன்" என்றார். மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவானாம். எனக்குக் கடை விடுமுறை வியாழக்கிழமை. நல்லதாகப் போயிற்று என்று வியாழக்கிழமை மத்தியானங்களை நான் எடுத்துக்கொண்டேன். கோர்ட்டில் கேட்காமலே எனக்குக் கிடைத்த பங்கு அது.

சீட்டாடுவோம். கழுதை ஆட்டம்தான், வேறு ஆட்டம் மாமாவுக்குப் பிடிக்காது. கேட்ட ஜாதிச் சீட்டைப் போடவேண்டும், கடைசியில் கையில் சீட்டோடு மாட்டிக்கொள்பவர் கழுதை. அதே அறையில் இன்னொரு கட்டிலில் இருந்த பெரியவர் எப்போதும் ஒரு ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டிருப்பார், ரேடியோக்காரர் என்றே அவருக்குப் பெயர். அவரையும் சேர்த்துக்கொள்வோம். அவருக்கு ரேடியோவைத் தவிர வேறெதுவும் காதில் விழாது. சிவப்பு ஆட்டின் கேட்டால் கறுப்பு இஸ்பேட் போடுவார். "நான் கழுதையா?" என்று ஒவ்வொரு முறையும் புதிதாக ஆச்சரியப்படுவார். நான் கடைக்கு வருகிறவர்களைப் பற்றி மூச்சு விடாமல் புலம்புவேன். மாமா சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதுல உன் தப்பு கொஞ்சம் இருக்கு" என்பார். எனக்குச் சுர்ரென்று வரும். அடுத்த வியாழன் வரை யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

ஒருநாள் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்களைப் பற்றிச் சொன்னார். "வெளிய நின்னுக்கிட்டு 'தோ வரேன்'னு கத்தக்கூடாதும்மா. உள்ள இருக்கறவனுக்கு இன்னும் பயமாயிடும், எப்ப வருவானோன்னு. 'இங்கதான் இருக்கேன்'னு சொல்லணும். கதவு தொறக்கற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டிருக்கணும்." எனக்கு அப்போது அது அவர் வேலைக் கதையாக மட்டும்தான் பட்டது.

எல்லாம் இருந்தும் எனக்கு ஒரு குறை. போய் உட்கார்ந்ததிலிருந்து கிளம்பும் வரைக்கும் அந்த ஒரு வார்த்தை வருமா வருமா என்று காது காத்துக்கிடக்கும். வாம்மா, போம்மா, பாத்துப் போம்மா. அதற்குமேல் இல்லை. எனக்குத்தான் பொறுமை கிடையாதே, ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் மாமா, இப்பல்லாம் மருமகளேன்னு கூப்பிடறதில்ல?"

அவர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "அந்தப் பேர இப்ப இன்னொரு பொண்ணுக்குக் குடுத்தாச்சும்மா. அவளும் நல்ல பொண்ணு. இல்லாத முறைய வாயால சொல்றது எனக்கு வராது" என்றார்.

அவர் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. நியாயமான மனுஷனோடு சண்டை போடவும் முடியாது. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். புருஷன் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சங்கடம் வந்தது. யாரோ ஒரு ஆள் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, மேல்மாடிப் பெரியவர் ஒருவரைக் காற்றாட வெளியே அழைத்துப் போய், சந்தையில் விட்டுவிட்டுக் காணாமல் போயிருக்கிறான். பெரியவர் பொழுது சாய்ந்த பிறகுதான் கிடைத்தார். இல்லமே ஆடிப்போயிற்று. மேனேஜரம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே நெருங்கின சொந்தம் மட்டும்தான், அதுவும் பிள்ளைங்க யாராவது ஆமான்னு சொன்னாத்தான் உள்ள விடணும்னு மேலிடத்து உத்தரவு. உங்க விஷயத்துல என்ன, உங்க மாமா பையன் ஞாயித்துக்கிழமை வருவாரு, நீங்களும் வந்துடுங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டா முடிஞ்சுது."

நேராக மாமாவிடம் போனேன். வாசலில் நான் யாராக உள்ளே வந்துகொண்டிருக்கிறேன் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிவிட்டது.

"தங்கச்சி பொண்ணா? எனக்கு ஏதும்மா தங்கச்சி?"

"நான் சொல்லல மாமா. அவங்களாவே சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்லல, அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஞாயித்துக்கிழமை உங்களக் கேட்டா என்ன சொல்வீங்க?"

"உள்ளதத்தான் சொல்லுவேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ளது என்ன, அதச் சொல்லுங்க. நான் உங்களுக்கு யாரு? மருமக இல்ல, மக இல்ல, கண்ணாடிக்காரின்னு சொல்லப்போறீங்களா? அப்புறம் உங்களுக்குக் கண்ணாடி உடைஞ்சாத்தான் நான் வரமுடியும்" என்று கத்தினேன். ரேடியோக்காரர்கூட ரேடியோவைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். மாமா சீட்டைக் கலைத்தார், கலைத்துக்கொண்டே இருந்தார், போடவில்லை. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போவதில்லை என்று முடிவு செய்தேன். அவன் முன்னால், அவன் புதுப் பெண்டாட்டி முன்னால், பொய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியேற எனக்கென்ன தலையெழுத்தா? துணி துவைத்தேன். துவைத்ததையே இன்னொரு தடவை அலசினேன். அவர் அங்கே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் வருவேனா மாட்டேனா என்று தெரியாமல் இருப்பார் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. 'இங்கதான் இருக்கேன்'னு சொல்லணும் என்றாரே. ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவள் அந்தப் புதுசுதான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாமாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் என் வேலை அது. அவளைப் பிடிக்காமல் இருப்பதற்கு எத்தனையோ காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன். சதை படாமல் அவள் அத்தனை நிதானமாக வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். யாரென்று தெரிந்துகொண்டாள், அது எனக்கும் தெரிந்தது. அடுத்த விரலுக்குப் போனாள்.

அவன் ஜன்னலோரம் நின்றிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைக் கட்டினான், பிறகு அவிழ்த்தான். நான் ஏதாவது சொல்வதற்குள் மேனேஜரம்மா வந்துவிட்டாள்.

"நல்லதாப் போச்சு, எல்லாரும் இருக்கீங்க. சார், இவங்க வாராவாரம் ஐயாவப் பாக்க வராங்க. ஐயாவோட தங்கச்சி பொண்ணு. ஆமான்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அவன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பேசவில்லை. பேசவேண்டிய இடத்தில் பேசமாட்டான் என்று சொன்னேனே. மேனேஜரம்மா சற்றுக் காத்துப் பார்த்துவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"சரி ஐயா, நீங்களே சொல்லுங்க. இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

மாமா காலை மெல்ல இழுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். சட்டையில் துடைத்தால் கீறல் விழும் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன், அன்றைக்குச் சொல்லவில்லை. முடிந்தது, உள்ளதைச் சொல்லப்போகிறார் என்று கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"தங்கச்சி பொண்ணு" என்றார்.

அவன் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. பிறந்ததிலிருந்து அவன் அப்பா வாயில் ஒரு பொய் கேட்டதில்லை. ஐந்து தடிப்பசங்கள் கதை எனக்கே மனப்பாடம் என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்?

"சார்?" என்றாள் மேனேஜரம்மா.

"ஆமா" என்றான். "அத்தை பொண்ணு."

மேனேஜரம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அத்தை பொண்ணா? அட, அப்ப முறைப்பொண்ணு ஆச்சே சார். கட்டிக்காம விட்டுட்டீங்களே."

அவன் காது சிவந்துபோயிற்று. நான் தரையைப் பார்த்தேன். மாமா நகம் வெட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் வாயிலிருந்து என்ன வந்துவிடுமோ என்றிருந்தது எனக்கு. பேசியது அந்தப் பெண்தான். நகத் துணுக்குகளை ஒரு காகிதத்தில் கூட்டி எடுத்தபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அவர் விடலீங்க. இவங்கதான் வேண்டாம்னுட்டாங்களாம்."

மேனேஜரம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ரேடியோக்காரர் ரேடியோவை இறக்கி, "என்னவாம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, நியூஸக் கேளுங்க" என்றார் மாமா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பெண்ணும் குனிந்தபடியே சிரித்தாள்.

அவர்கள் இரண்டு பேரும் கிளம்பினார்கள். அவள் முதலில் வெளியே போனாள், எங்களுக்கு இடம் விட்டுத்தான் போனாள் என்று நினைக்கிறேன். அவர் கதவருகில் நின்று, "அப்பா கண்ணாடி கொஞ்சம் சரியுது. வியாழக்கிழமை வரும்போது பாத்துடு" என்றார். என்றார் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மாமா சீட்டுக்கட்டை எடுத்தார். இரண்டு சீட்டு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"பொய் சொல்ல வச்சுட்டேன் மாமா."

"ஆமா" என்றார். பரவாயில்லை என்றெல்லாம் சொல்கிற ஆளா அவர். "செத்துப்போன எங்கம்மாவுக்கு இந்த வயசுல ஒரு பொண்ணு பொறக்க வச்சுட்டேன். மேல போனா கிழவி பிடிபிடின்னு பிடிக்கப்போறா."

சீட்டைக் கலைத்தார். ரேடியோக்காரருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று போட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

"தங்கச்சி ஒருத்திதான் பொய்" என்றார். "ஆனா சொல்லியாச்சு. இனிமே மாத்திப் பேசமுடியாது. தங்கச்சி பொண்ணுன்னா தங்கச்சி பொண்ணுதான். தங்கச்சி பொண்ண மாமன்காரன் என்னன்னு கூப்பிடணும்?"

எனக்குப் பதில் தெரியும். அதை அவர் வாயால்தான் கேட்கவேண்டும் என்றிருந்தது.

"சீட்ட எடு, மருமகளே" என்றார்.

எடுத்தேன். கண் நிறைந்துவிட்டதில் ஆட்டின் எது, டைமண்ட் எது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே சிவப்பாக இருந்தது. அவர் ஆட்டின் போட்டால் நான் டைமண்ட் போட்டேன், டைமண்ட் போட்டால் ஆட்டின் போட்டேன். அவர் பார்த்துவிட்டு அடுத்த சீட்டைப் போட்டார். ரேடியோக்காரர் கைச்சீட்டெல்லாம் தீர்ந்து முதன்முதலாக ஜெயித்தார். அன்றைக்கு நான்தான் கழுதை.